வராத கடுதாசியைக் கேட்டு நின்றவள்

1. முதல் நாள்

பிள்ளைகளே, நான் தபால் பை தூக்கிய தேயிலைத் தோட்டம் நிவித்திகல ஊருக்கு மேலே இருந்தது. முதல் நாள் ஆபிஸில் பையை இறக்கியதும் பெரிய கிளாக்கர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமெண்டு கேள்விப்பட்டன். தெரியாத மாதிரியே இரு. லயத்து வேலையாட்களின்ர கடிதமெல்லாம் முதல்ல என்ர மேசைக்கு வரவேணும்."

பக்கத்தில் கேத்தல் கொதித்தது. தேத்தண்ணீருக்கு என்று நினைத்தேன். உறையை அதன் ஆவியில் காட்டிப் பசையைப் பிரித்தார். வாசித்தார். திரும்ப ஒட்டித் தந்தார். பொலிஸ் கேட்டதாம், தோட்டத்துத் துரை சம்மதித்தாராம். அவருக்கும் அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கேத்தல் ஒரு நாளும் ஆறவில்லை.

2. கொடகவெல முத்திரை

பொலிஸ் தேடியது கதிரேசனை. கூலி போதாது என்று டவுன் கூட்டத்தில் பேசிவிட்டுத் தலைமறைவானவன். அவனுடைய தாய் பொன்னம்மா மேல் லயத்தில் தனியாக இருந்தாள். மாதாமாதம் அவளுக்குக் கடுதாசி வரும், விலாசம் இருக்காது. கிளாக்கருக்குத் தெரியாமல் நான்தான் வாசித்துக் காட்டுவேன். சோறு கிடைக்கிறது, இருமல் விட்டுவிட்டது, இவ்வளவுதான் இருக்கும்.

ஒருமுறை உறையில் கொடகவெல ஊர்த் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. மறுநாளே பொலிஸ் அங்கே போய்க் கடை கடையாகத் தேடி, வெறுங்கையோடு திரும்பியது.

"அடுத்தது வரட்டும். ஆள் தப்பேலாது," என்றார் கிளாக்கர்.

பொன்னம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டாள்.

"அப்ப எம்புள்ளைய அவன் எழுத்தே காட்டிக் குடுக்குதா?"

லயங்களுக்குப் புடவை மூட்டை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி ஒருவருக்கு மட்டும் அவன் இருக்கும் இடம் தெரியும். அவரிடம் வாய்ச்சொல்லாக அனுப்பினாள்.

"இனி எழுத வேணாம்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்க நானா. ஒரு வரிகூட வேணாம்."

3. தினக் கேள்வி

கடுதாசி நின்றது. ஆனால் அவளும் கேட்பதை நிறுத்தினால், அவள்தான் தடுத்தாள் என்று ஆபிஸ் சந்தேகப்படும். அதனால் தினமும் கொழுந்தை எடை போட்டபின் ஆபிஸ் வாசலுக்கு வருவாள்.

"எனக்கு ஏதாச்சும் வந்திருக்குங்களாய்யா?"

"உன்ர மகன் உன்னை மறந்திட்டான், பொன்னம்மா."

"கல்யாணம் கட்டியிருப்பான்யா. பொண்டாட்டி எழுத விடமாட்டேங்கிறாளோ என்னமோ."

கிளாக்கர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். நான் பையை மடிப்பது போலக் குனிந்துகொள்வேன்.

சில வருஷம் கழித்து அந்தப் புடவை வியாபாரி காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பொலிஸ் கதிரேசனைத் தேடுவதை விட்டது. ஓடிப்போய்ப் பொன்னம்மாவிடம் சொன்னேன்.

"அக்கா, இனிமே அவன் எழுதலாம். பயமில்ல."

"சரிப்பா," என்றாள். "அத அவன்கிட்ட யாரு சொல்றது?"

அதன் பிறகும் வாசலுக்கு வந்தாள். இப்போது உண்மையாகவே கேட்டாள்.

பிள்ளைகளே, அடுத்தவர் கடுதாசியைத் திறக்காதீர்கள். திறந்தவன் திரும்ப ஒட்டிவிட்டால் ஒன்றும் குறையவில்லை என்று நினைக்கிறான். மகன் தன் பேச்சைக் கேட்டு எழுதாமல் இருக்கிறானா, உயிரோடு இல்லாததால் எழுதவில்லையா என்று பொன்னம்மாவுக்குச் சாகும்வரை தெரியவில்லை.