எண்ணெய் தேய்த்த வண்டி

தங்கையிடம் கெஞ்சி வாங்கிய ஹேர் டிரையரோடு நான் மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பியபோது, என் டர்ட் பைக்கின் வெள்ளை பிளாஸ்டிக் பாகங்கள் கண்ணைப் பறிக்கும்படி மின்னின. கழற்றிக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் போயிருந்தேன். என் துடைப்பின் நேர்த்திதான் அது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றிய வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தவன் நான். விரல் பட்டால் பசை பிடிக்காது என்று அவற்றில் சொன்னதற்காகக் கையுறை வேறு போட்டிருந்தேன். அதனால் என் விரலுக்கு எதுவும் தெரியவில்லை.

எருத்தேன்பதியில் பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே வாசல். வண்டி வந்த நாளிலிருந்து அவர் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. “பாலுங் கறக்காது, ஏரும் ஓட்டாது, கத்தறதுக்கு மட்டும் ஒண்ண வாங்கியாந்திருக்கறான்” என்று மாடுகளிடம் சொல்வார். அன்று மட்டும் தூணோரம் நின்று, நான் ஸ்டிக்கரைச் சூடுகாட்டி இழுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழிகளை விரட்டுவதை முழுக்கப் பார்த்தார். “நாளைக்கு எத்தன மணிக்குடா ரேசு? நானும் வாரேன்” என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரங்கள் லேசாகத் தூக்கிக்கொண்டே இருந்தன. மலிவுப் பசை என்று திட்டிவிட்டு இன்னும் சூடு காட்டினேன்.

மறுநாள் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் விட்டுச் சேறாக்கிய பாதை. தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்தேன். இறுதிப் போட்டிக்குப் போய்விட்டேன் என்று கையை உயர்த்தியபோதுதான், “நம்பர் இல்லாத வண்டி தள்ளி நிக்கட்டும்” என்று மைக்கில் சொன்னார்கள். எண் தெரியாத வண்டி ஓடியது கணக்கில் சேராது. முன்பக்க எண் ஸ்டிக்கர் பாதி வழியிலேயே உரிந்து விழுந்திருந்தது. மெக்கானிக்காக வந்திருந்த என் நண்பன் வண்டியை மோந்து பார்த்தான். “மாப்ள, வண்டியக் கடலெண்ணச் சட்டியில முக்கி எடுத்தியாடா? வட வாசம் வருது!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “எவன்டா எண்ணெ தடவுனது?” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நின்றதைக் கவனித்தேன். மாட்டுப் பொங்கலன்றும் சந்தைக்குக் கிளம்பும்போதும் காளைகளின் கொம்பில் எண்ணெய் வைத்து, உள்ளங்கை சூடேறும்வரை தேய்ப்பவர் அவர். நாலு பேர் முன்னால் போகிற எதுவும் வறண்டு போகக் கூடாது அவருக்கு.

அவர் சேற்றில் இறங்கி அந்த எண் ஸ்டிக்கரைத் தேடி எடுத்து, தோள் துண்டால் துடைத்தார். நேரே போட்டி நடத்துகிறவர்களின் பந்தலுக்குப் போய், என் வயதுப் பையன்கள் உட்கார்ந்திருந்த மேசை முன்னால் நின்றார். பஞ்சாயத்து மெம்பரையே ‘வாடா போடா’ என்கிறவர். “பையன் நெம்பரு இதானுங்க தம்பி. எண்ண தேச்சது நானுங்க, அவனுக்குத் தெரியாதுங்க. அவன் ஓட்டுனத மட்டும் சேத்திக்கங்க.” ஒருவன் சொன்னான்: “இதென்ன மாட்டுச் சந்தையா, பெரியவரே?” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சட்டம் சட்டம்தான் என்று அனுப்பிவிட்டார்கள். நான் வண்டியிலேயே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர் எனக்கு யார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது. போட்டி போனதை மறந்துவிட்டேன். அந்தக் கவலையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

போன வாரம் புது ஸ்டிக்கர்கள் வந்தன. பிளாஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்து சற்றுத் தள்ளியே நின்றார். “பெரியப்பா, இந்த ஓரத்தக் கொஞ்சம் புடிங்க” என்றேன். “என்ற கை எண்ணக் கையிடா சாமி. நீயே ஒட்டிக்க” என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து சோப்பு வாசம் வந்தது. அவர் குதிகாலுக்குப் பின்னால், கழுவிய கையிலிருந்து தண்ணீர் இன்னும் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.