பாதி டாப் திறந்த கார்

பல்செட்காரருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தபோது வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதில் அப்படி ஓர் ஆசை வந்தால் ஊர் சிரிக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஊர் சிரிப்பதற்குள் தானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவது அவர் வழக்கம். "ரெண்டே சீட்டு. ஒண்ணுல நான், இன்னொண்ணுல என் அசட்டுத்தனம். அதுக்கே இடம் பத்தாது" என்று கிளினிக்கில் எல்லோரிடமும் அவரே சொல்லி வைத்தார்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் வேலை செய்த நாலு மாடிக் கட்டடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டாம் மாடியில் பல் டாக்டர். டாக்டரின் பின்பக்க அறையில் இவர். டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவார், மெழுகில் ஈறு கட்டுவார், ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். எல்லாப் பல்லையும் பளீரென்று வெள்ளையாக வைப்பவன் தொழில் தெரியாதவன் என்பது அவர் கட்சி. ஒரு பல் லேசாகக் கோணியிருக்க வேண்டும், இன்னொன்று கொஞ்சம் பழுப்பாக இருக்க வேண்டும். பொய்ப்பல் என்று ஒருத்தர் கண்டுபிடித்தாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இதே கண்டிப்பைத்தான் அவர் தன் தலை விஷயத்திலும் காட்டினார். முப்பது வயதுக்குள் முடி முழுக்க உதிர்ந்து, அன்று முதல் விக். அதுவும் ஒன்று இல்லை, மூன்று. குட்டை முடி, நடுத்தரம், காதுக்கு மேல் வழிகிற அளவு. மாத ஆரம்பத்தில் குட்டை, மத்தியில் நடுத்தரம், கடைசி வாரம் பெரியது. அந்தக் கடைசி வாரத்தில் வேண்டுமென்றே நாலு பேர் காதில் விழும்படி, "சே, முடி வெட்டிக்க நேரமே கிடைக்கல" என்று சலித்துக்கொள்வார். மறுநாள் குட்டை விக்கோடு வந்து, "இப்பதான் தலை லேசா இருக்கு" என்பார். வயது ஏற ஏற நெற்றிப் பக்கம் நரை சேர்க்கச் சொல்லி வாங்கினார். கட்டடத்தில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. உலகத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் தொலைவில் இருந்த அவருடைய அக்கா.

மூன்றாம் மாடியில் காது மேடம் இருந்தார். காது கேட்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. சுவரெல்லாம் கனமான பஞ்சு வைத்து அடைத்த, ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தினால் வெளியுலகம் செத்துப் போகும். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது; மகன் வேறு ஊரில் வேலை. மதியச் சாப்பாட்டை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார். பல்செட்காரரும் அங்கேதான் சாப்பிடுவார். முதலில் ஊறுகாய் பரிமாற்றம், பிறகு செய்தி, பிறகு ஒருவர் வராவிட்டால் மற்றவருக்குப் பசிக்காத நிலைமை.

ஒருநாள் பல்செட்காரர் கேட்டே விட்டார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோய், "நாம... இனிமே ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்ந்தே சாப்பிடலாமா?" என்றுதான் வாயில் வந்தது.

மேடம் உடனே சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை என்று பல்செட்காரருக்குத் தோன்றியது. "யோசிக்கணும். தனியா இருந்து பழகிட்டேன். கொஞ்சம் உங்களோட வெளியில வந்து பார்க்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றார் மேடம். பிறகு, "அந்த கார் வாங்கப் போறேன்னு சொன்னீங்களே, மேல திறக்கிற மாதிரி வாங்குங்க. வாரம் பூரா பெட்டிக்குள்ள கிடக்கறேன். ஞாயித்துக்கிழமையாவது தலைக்கு மேல ஆகாசம் இருக்கட்டும்."

"அதுக்கென்ன, வாங்கிட்டா போச்சு!" என்றார் பல்செட்காரர். சொல்லி முடித்த பிறகுதான் விக் ஞாபகம் வந்தது. கை தன்னால் நெற்றி ஓரத்தைத் தடவிப் பார்த்தது.

பழைய கார் விற்கும் புரோக்கரிடம் அப்படிப்பட்ட கார் இரண்டு இருந்தன. ஒன்று சிவப்பு, மடங்குகிற துணி டாப். புரோக்கர் பட்டனை அழுத்த, டாப் மொத்தமும் மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. "சிக்னல்ல நிக்கற நேரம் போதும் சார். ஏறிப் பாருங்க" என்றார். பல்செட்காரர் ஏறி, தெருமுனை வரைக்கும் ஓட்டினார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை தலையில். தலைவலியா சார் என்று கேட்டார் புரோக்கர்.

மற்றது கருநீலம். மேலே நடுவில் ஒரு பட்டை, அதன் இரு பக்கமும் கழற்றக்கூடிய இரண்டு கண்ணாடிப் பலகைகள்; டிரைவர் தலைக்கு மேல் ஒன்று, பக்கத்து சீட்டுக்கு மேல் ஒன்று. கொக்கியை விடுவித்துப் பலகையைத் தூக்கி டிக்கியில் உறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். "கழட்ட ஒரு ஆள் போதும். மாட்டறதுக்கு ரெண்டு பேர் இருந்தா நல்லது. கனம் ஜாஸ்தி" என்றார் புரோக்கர்.

"ரெண்டையும் சேர்த்துத்தான் கழட்டணுமா?"

"ஒண்ணை மட்டும் கூட கழட்டலாம். ஆனா எந்தப் பைத்தியக்காரன் சார் அப்படி ஓட்டுவான்?"

அந்தப் பைத்தியக்காரன் அப்போதே பேரம் பேச ஆரம்பித்தான்.

அன்று மாலை அக்காவிடம் போனில் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டா, கார் வாங்கறியா, தொப்பி வாங்கறியா? பேசாம அவங்ககிட்ட உண்மையைச் சொல்லித் தொலையேன்."

"சொல்லிடுவேன்க்கா. முதல்ல அவங்க சரின்னு சொல்லட்டும்."

"சரின்னு சொன்னப்புறம் சொன்னா அதுக்குப் பேரு ஏமாத்து வேலைடா."

அவர் போனை வைத்துவிட்டார். அக்கா சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

துணி டாப்பை ஏன் வாங்கவில்லை என்று மேடத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் பல்செட்காரர் பிரசங்கமே செய்தார். துணி டாப் வைத்த காருக்கு உடம்பு உறுதி கிடையாது. திருடன் பிளேடு போட்டால் போச்சு. மழைக்கு ஒழுகும். இதோடு நிறுத்தியிருக்கலாம், சனி விடவில்லை. "எல்லாத்துக்கும் மேல அந்தக் காத்துச் சத்தம் காதுக்கு ரொம்பக் கெடுதல்" என்று முடித்தார்.

மேடம் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். காது சோதிப்பவர் காதிலேயே பூ சுற்றிவிட்டோம் என்று பல்செட்காரர் அன்று முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கிளம்பியது. மேடத்தின் பக்கம் மேலே திறந்தபடி. இவர் பக்கம் மூடி, ஜன்னல் கண்ணாடியும் ஏற்றி. முதல் வாரம் மேடம் சீட்டில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்னப் பெண் மாதிரி இரண்டு கையையும் மேலே நீட்டினார். அதைப் பார்த்ததற்காகவே இந்த கார் இன்னும் நாலு கார் விலை பெறும் என்று அவருக்கு இருந்தது.

"உங்க பக்கத்தையும் கழட்டுங்களேன்."

"எனக்கு வெயில் ஆகாதுங்க."

அடுத்த வாரம் மேகமூட்டம். வெயில் காரணம் கையை விரித்தது. "டிக்கியில ரெண்டு பலகை வெச்சா ஒண்ணோட ஒண்ணு உரசிக் கீறல் விழும்" என்றார். அதற்கடுத்த வாரம், "ரெண்டையும் கழட்டினா வண்டி ஆடும்" என்றார். மேடம் மறுபடி கேட்கவில்லை. அவர் மூக்கு வெயிலில் கன்றியிருந்தது. பேச்சும் குறைந்துவிட்டது. யோசிக்கிறார், நல்ல பதிலாகத்தான் இருக்கும் என்று பல்செட்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் ராத்திரிகளில் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் தனியாகச் சாப்பிட்ட மேஜை இப்போதெல்லாம் அவருக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த மேஜையோடுதான் மிச்ச வாழ்க்கை.

அந்த ஞாயிறு ஏரிக்கரைச் சாலையில் போனார்கள். மேடம் கிளம்பும்போதே, "திரும்பும்போது உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றிருந்தார். திரும்புவதற்கு முன்பே மேகம் திரண்டு, பெரிய பெரிய துளியாக மழை மேடத்தின் மடியில் விழுந்தது. அவர் மடியில் மட்டும்.

காரை ஓரங்கட்டி, பல்செட்காரர் ஓடிப்போய் டிக்கியிலிருந்து பலகையை எடுத்தார். ஏரிக்காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. மேடமும் இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தார். காருக்கு அந்தப் பக்கம் மேடம், இந்தப் பக்கம் இவர். நடுப்பட்டையில் முதலில் கொக்கி விழ வேண்டும். அதுவரை இரண்டு பேரும் கையை எடுக்கக் கூடாது. பலகையைச் சரியாக மேலே தூக்கிய நேரம் பார்த்துக் காற்று ஒரு வீசு வீசியது.

நெற்றியில் விக்கின் ஒட்டுநாடா பிரிவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கையை எடுத்தால் தலை பிழைக்கும். ஆனால் பலகை புரண்டு அந்தக் கண்ணாடி மேடத்தின் முகத்தில் போய் அடிக்கும். பல்செட்காரர் தீர யோசித்துத் தியாகம் செய்தார் என்று சொன்னால் அது பொய். யோசித்திருந்தால் தலையைத்தான் பிடித்திருப்பார். கை விடவில்லை, அவ்வளவுதான்.

மாதக் கடைசி வாரம். போனது பெரிய விக். அது எழும்பி, ஒருமுறை புரண்டு, சாலையோரத்து முள்வேலியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்க பக்கம் கொக்கி விழுந்துடுச்சா?" என்று கேட்டார் மேடம்.

"விழுந்துடுச்சு."

இரண்டு பேரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மழை கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. பல்செட்காரர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்தால் காரோடு இறங்கிவிடலாம் என்றிருந்தது.

"அது விக்கா?"

"ஆமாங்க."

"எப்பலேர்ந்து?"

"உங்களைப் பார்க்கறதுக்கு ரொம்ப முன்னாலேர்ந்து."

"மாசா மாசம் முடி வெட்டிக்கறீங்களே!"

"மூணு வெச்சிருக்கேன். சின்னது, நடுத்தரம், பெருசு."

மேடம் அவர் தலையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். "எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியலைங்க" என்றார்.

இவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் பல்செட்காரரின் மனசுக்குள் ஒரு மூலையில் தொழில் பெருமை தலைகாட்டியது. தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று அதை அடக்கினார்.

"அப்ப துணி டாப்பு வேண்டாம்னீங்களே, வண்டிக்கு உறுதி இல்ல, காதுக்குக் கெடுதல்னு?"

"அத்தனையும் பொய்."

"காதுக்குக் கெடுதல்னு என்கிட்டயே சொன்னீங்க! சரி, ஏதோ உளறார்னு விட்டேன். மத்ததையெல்லாம் நம்பி என் பையன்கிட்ட போன்ல வேற சொல்லியிருக்கேன்." மேடத்துக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு என்ன சொல்ல வந்தேன் தெரியுமா? வேண்டாம்னு சொல்ல வந்தேன்."

காரில் ஏறிய பிறகு முதல்முறையாகப் பல்செட்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"என்னை வெயில்ல உட்கார வெச்சுட்டு உங்க தலைக்கு மட்டும் கூரை. ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. ஞாயித்துக்கிழமையே இப்படின்னா வாழ்நாள் பூரா எப்படி இருக்கும்? எல்லாத்துலயும் தனக்கு ஒரு நிழல் பார்த்துக்கற ஆளுன்னு முடிவு பண்ணிட்டேன்."

பல்செட்காரர் அசந்துபோனார். மேடத்தை இழந்துவிடக் கூடாது என்றுதான் அந்தப் பலகை காரையே வாங்கினார். அதைக் காட்டியே வாராவாரம் அவரைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார். இப்படி ஒரு காரியத்தைக் கச்சிதமாகச் செய்து முடிக்க வேறு யாராலும் முடிந்திருக்காது. வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்து கண் கலங்கியது. "மன்னிச்சுடுங்க. பயந்துட்டேன்" என்றார். 

"இப்ப சுயநலக்காரர் இல்லன்னு தெரிஞ்சுடுச்சு. வெறும் முட்டாள்தான்." மேடம் பெருமூச்சு விட்டார். "அது பரவாயில்ல."

மழை வந்த வேகத்தில் ஓய்ந்தது. பல்செட்காரர் இறங்கிப்போய் முள்ளிலிருந்து விக்கை எடுத்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதைத் தலையில் வைப்பதா, பையில் வைப்பதா என்று ஒரு கணம் அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தால், மேடம் டிரைவர் பக்கத்துப் பலகையின் கொக்கியை விடுவித்துவிட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வேடிக்கை பார்க்காம வந்து பிடிங்க. தனியா தூக்க முடியல."

இரண்டு பேருமாக அதைக் கழற்றினார்கள். மற்றதையும் கழற்றினார்கள். இரண்டும் உரசாமல் டிக்கியில் சுகமாக உட்கார்ந்தன. விக்கையும் அங்கேயே ஒரு ஓரத்தில் போட்டார்.

கார் ஏரிக்கரையில் நகர்ந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாகக் காற்றுப் படாத மண்டையில் ஈரக்காற்று பட்டது. எவ்வளவு குளிர்ச்சி! கூச்சத்தில் அவர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாக முகங்கள் திரும்பின. பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லும் தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் கை ஸ்டியரிங்கை விட்டுத் தலைக்குப் போகவில்லை.

ஊர் எல்லை நெருங்கியதும் அவர் காரை ஓரமாக நிறுத்தினார். இனிமேல் தெரிந்தவர்கள் இருப்பார்கள். டிக்கி இருக்கும் திசையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

மேடம் அதைக் கவனித்தார். "அடுத்த வாரம் பையன் வரான். அவனுக்கு உங்களைக் காட்டணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுங்க" என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பாமலே, "இப்படியே வாங்க" என்றார்.

பல்செட்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லி, காரை ஊருக்குள் விட்டார்.