மாரீஸ்வரிக்கு நான்தான் பிரேக்

1. நடுவர் கூப்பிட்டார்

சனிக்கிழமை மத்தியானம் நடுவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் கிளப் பிள்ளை ஒருத்தி நாளை ரோடு ரேஸில் ஓட முடியாது என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

விருதுநகருக்கு வெளியே புதிதாகப் பிளாட் போட்ட இடம் அது. வீடு ஒன்றுகூட எழும்பவில்லை, ஆனால் தார் ரோடு மட்டும் வழவழவென்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த யாருக்கோ யோசனை வந்து, அங்கே இரண்டு நாள் ஸ்கேட்டிங் திருவிழா வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை குட்டிக் குட்டிப் பந்தயங்கள். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ரோடு ரேஸ். அந்த ரோட்டின் கடைசியில் ஒரு இறக்கம் இருந்ததால், ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையும் தானாக நிற்கத் தெரியும் என்று முதல்நாளே காட்ட வேண்டும். விசில் ஊதினால் கோட்டுக்குள் நின்றுவிட வேண்டும். அதற்குப் பெயர் பிரேக் டெஸ்ட்.

மாரீஸ்வரி அழகாகத்தான் வந்தாள். விசில் ஊதியது. கோட்டைத் தாண்டினாள், நடுவரைத் தாண்டினாள், நேராக வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து நின்றாள். நான் நாலடி பின்னால் போனேன்.

"டீச்சர், இதுக்குப் பேரு பிரேக் இல்ல. நாளைக்கு ரோடு பூராம் நீங்க வந்து நிப்பீகளா?" என்றார் நடுவர். நல்ல மனுஷன்தான். பொழுது சாய்வதற்குள் இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்கள், நின்றால் ஓடட்டும் என்று விட்டுக்கொடுத்தார்.

மாரீஸ்வரியின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் அவள் அம்மா வருவதாக இருந்தது. பட்டாசு ஆபீஸில், எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர், வேலை பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. மகள் ஓடுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்று வெயிலோடு வெயிலாக ஆனைக்குட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மகள் கயிற்றுக்கு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதாகிவிடும்.

2. இழுக்க மாட்டேன்

புதிதாகக் கோச்சாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் சிவகாசியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஸ்கேட்டிங் கிளப்பை மட்டும் விடவில்லை. ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸின் பின்பக்கம், பேப்பர் லோடு இறக்குகிற சிமெண்ட் தளம் சாயந்தரங்களில் எங்களுடையது. காலண்டர் சீசன் வந்துவிட்டால் பண்டல்களை அடுக்கிவிடுவார்கள், எங்களுக்கு இடம் இருக்காது. முதலாளி இரக்கப்பட்டால் ஒரு ஓரம் கிடைக்கும்.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் சொல்லித் தருவது டி-பிரேக். ஒரு காலில் ஓடிக்கொண்டே இன்னொரு காலை அதற்குப் பின்னால் குறுக்கே வைத்து, சக்கரம் தரையில் தேயும்படி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க வேகம் செத்துவிடும். பொடிசுகள்கூட ஒரு வாரத்தில் படித்துவிடும். மாரீஸ்வரி மட்டும் படிக்கவில்லை. முன்னால் ஓடச் சொன்னால் ஓடுவாள், வளைவில் ஓடச் சொன்னால் பெரிய பையன்களையும் முந்துவாள். காலை இழு என்றால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு, "இழுக்க மாட்டேன் டீச்சர்" என்பாள். பிடிவாதம் என்று நினைத்தேன். திட்டினேன், கெஞ்சினேன், காலைப் பிடித்து நானே இழுத்துக்கூடக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் அவளுக்கு நான்தான் பிரேக். ஓடி முடிந்ததும் நேராக என்மேல் வந்து விழுவாள். என் வீட்டுக்காரர் தைலம் தேய்த்துவிடும்போதெல்லாம், ஒரு தூணைக் கட்டிப் பிடிக்கச் சொல்லேன் என்பார். அவருக்கு என்ன தெரியும். அவள் வருகிற நேரத்துக்கு என் கால்கள் தானாக அகன்று நின்றுகொள்ளும். குறைபட்டுக்கொள்வேனே தவிர, தள்ளி நின்றதில்லை.

3. இன்பராஜ்

இப்போது இன்பராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் முதன்முதலில் சக்கரத்தின்மேல் நின்றான். பிறகு எனக்கு உதவியாக இருந்தான். பிறகு விருதுநகர் ரோட்டில் தனியாகக் கிளப் ஆரம்பித்துவிட்டான். ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி அவனுக்குத் துணையாக நின்றார். அவன் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி பச்சை ஜெர்சி. ஒரு வேன். சக்கரங்கள் வரிசையாக இருக்கிற இன்லைன் ஷூ. என் பிள்ளைகள் இன்னும் நாலு சக்கரம் வைத்த பழைய செட்டை வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறாமை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வேனைப் பார்த்தால் வயிறு எரியும். அவன் கழுத்தில் தொங்குகிற விசிலைப் பார்த்தாலும் எரியும், அது என்னுடையதைவிட நல்ல சத்தம். பிள்ளைகள் அவனை அண்ணா என்கிறார்கள், என்னை டீச்சர் என்கிறார்கள். டீச்சரைவிட அண்ணாவிடம்தான் பிள்ளைகள் வாய் திறந்து பேசும். ஏற்கெனவே என்னிடமிருந்து சில பேர் அங்கே போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவை அந்த வேன் வந்து நிற்கும்போதும் மாரீஸ்வரி அதைப் பார்க்கிறாளா என்று நான் பார்ப்பேன். பார்க்கத்தான் செய்தாள். எந்தப் பிள்ளைதான் வேனைப் பார்க்காது.

இத்தனைக்கும் அவன் மரியாதை குறைந்தவன் இல்லை. எங்கே பார்த்தாலும் ஓடி வந்து, டீச்சர் சாப்பிட்டீகளா என்று கேட்பான். அதுவும் எனக்குப் பிடிக்காது. திட்டுவதற்கு ஒரு காரணமாவது தர வேண்டாமா?

4. நாற்காலிகள்

நடுவர் சொன்ன பிறகு மாரீஸ்வரியைப் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். சோறு தண்ணி இல்லாமல் இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். இழு பிள்ள, இழு பிள்ள என்று என் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் காலைக் குறுக்கே வைப்பாள், சக்கரம் தரையில் கரகரவென்றதும் சுட்டதுபோல் எடுத்துவிடுவாள். கடைசியில் நான் கத்தினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். திரும்பிப் போனபோது, பாய் விரிப்பதற்காக நாற்காலிகளை ஓரங்கட்டச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்து இழுக்க, காது கிழிகிற சத்தம். மாரீஸ்வரி மட்டும் ஒவ்வொரு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு போய், சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தாள். இரும்பு நாற்காலி, அவள் உயரத்துக்குப் பாதி இருக்கும். எனக்கு இருந்த எரிச்சலில், எல்லாரையும்போல இழுத்துப் போட வேண்டியதுதானே, இதற்குள் இன்னொரு தடவை பழகியிருக்கலாம் என்றேன்.

இன்பராஜ் அங்கே டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். அவளையே பார்த்தான். பிறகு கேட்டான்.

"ஏ பிள்ள, ஒங்கம்மா பட்டாசு ஆபீஸ்ல மருந்துச் செட்டா?"

"ஆமாண்ணா."

"எதையும் தரையில இழுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காகளா?"

"தூக்கித்தான் வைக்கணும்னு சொல்லிருக்காக. இழுத்தா உரசும். உரசுனா தீப்பிடிச்சிரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்கம்மா வீட்டுலயும் இழுக்க மாட்டாக" என்றாள்.

என்னிடம் இத்தனை மாதமாக இழுக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னவள்.

சிவகாசியில் இது தெரியாதவர் யாரும் இல்லை. வெடிமருந்து கலக்கிற, அடைக்கிற கொட்டகையைத்தான் மருந்துச் செட் என்பார்கள். அங்கே பெட்டியைத் தரையோடு இழுக்கக் கூடாது. ஒரு மணல் துகள் உரசினால் போதும். செருப்பைத் தேய்த்து நடக்கக்கூட விடமாட்டார்கள். சுவரிலே எழுதியே வைத்திருப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் டீச்சர், நர்ஸ். எங்களுக்கு அது சுவரில் இருக்கிற எழுத்து. இன்பராஜின் அம்மாவும் மருந்துச் செட்டில் வேலை பார்த்தவர். அவன் வீட்டிலும் எந்த நாற்காலியும் சத்தம் போட்டிருக்காது. அந்த நாற்காலியை நானும்தான் பார்த்தேன். அவன் கேட்டுவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டான். "டீச்சர், நான் ஒருவாட்டி சொல்லிக்குடுத்துப் பாக்கட்டுமா? வேண்டாம்னா விட்டுர்றேன்."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவன் பிள்ளைகள் நாற்பது கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளைகளும்தான். மாரீஸ்வரி யாரையும் பார்க்காமல் கையிலிருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா காலையில் பஸ் ஏறப் போகிறார். சீக்கிரம் முடி, பொழுது சாயுது என்றேன்.

தெருவில் அவன் அவளிடம் இழு என்ற சொல்லையே எடுக்கவில்லை. காலைத் தூக்கு, கொஞ்சம் திருப்பி வை. மற்றக் காலையும் தூக்கு, திருப்பி வை. இடுப்பில் நிறைகுடம் இருந்தால் எப்படித் திரும்புவாயோ அப்படித் திரும்பிக்கொண்டே இரு என்றான். வட்டம் சின்னதாகச் சின்னதாக வேகம் தானே போய்விடும். தூக்கித் தூக்கி வைப்பதில் அவளுக்குச் சமமாக யார் உண்டு? ஒரு டீ ஆறுவதற்குள் நின்றுவிட்டாள். அந்தத் திருப்பம் எனக்கும் தெரிந்ததுதான். முழு பிரேக் வராதவர்களுக்கான குறுக்குவழி என்று நான் அதைச் சொல்லித் தருவதே இல்லை.

நின்றதும் சிரித்தாள். முதலில் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் என்னைத் தேடினாள்.

நடுவர் முன்னால் மறுபடி காட்டினோம். "நின்னுட்டா. எப்படி நின்னா எனக்கென்ன" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ராத்திரி எல்லாரும் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடும்போது, மாரீஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணா இப்படிச் சொன்னாக, அண்ணா அப்படிச் சொன்னாக என்று ஓயவில்லை. பேசாமச் சாப்பிடு பிள்ள, ஆறிடும் என்றேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

அவள் அம்மா வந்துவிட்டார். கையில் ஒரு பை காராச்சேவு, எல்லாப் பிள்ளைகளுக்கும். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் என் முந்தானையை ஒட்டியே நின்றார். முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம், வழக்கமாக நான் நிற்கிற மாதிரி இடம் பார்த்து, இரண்டு பேரும் நின்றோம்.

"டீச்சர், ஒங்கள வந்துதான் புடிப்பாளாமே" என்றார். "சக்கரத்துல போறியே, பயமா இல்லையான்னு கேப்பேன். கடைசில டீச்சர் நிப்பாகம்மா, எனக்கென்ன பயம்னு சொல்லுவா."

இதை அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னதே கிடையாது. ரேஸ் ஆரம்பித்துவிட்டது என்று ரோட்டைக் காட்டினேன்.

இரண்டாவதாக வந்தாள். முதலாவது ஒரு பச்சை ஜெர்சி, அதை விடுங்கள். இறக்கத்தில் அவள் வந்த வேகத்தைப் பார்த்து அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோட்டைத் தாண்டினாள். நேராக என்னை நோக்கித்தான் வந்தாள். என் கால்கள் அகன்று நின்றன. பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, பழக்கம்.

எனக்கு ஒரு கை தூரத்தில் அவள் காலைத் தூக்கினாள். திருப்பி வைத்தாள். மறுபடி தூக்கினாள். சின்னதாக ஒரு வட்டம் போட்டு, நின்றுவிட்டாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்பராஜ் கைதட்டினான். "பாத்தீகளா டீச்சர், தரையில தேய்க்கவே இல்ல" என்றார் அவள் அம்மா. மகள் இரண்டாவது வந்ததைவிட அவருக்கு அதுதான் பெருமை. என் கைகள் விரித்தபடியே இருந்தன. சும்மா மடக்க ஒருமாதிரியாக இருந்தது. அதனால் கிட்டே போய் அவள் ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டேன். அவளே கழற்றிக்கொள்வாள், ஆனாலும்.

6. கற்றுக்கொண்டது

ஒரு பிள்ளை மாட்டேன் என்றால், ஏன் என்று கேளுங்கள். திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். முக்கியமாக, பக்கத்துக் கிளப்காரன் கேட்பதற்குள் கேட்டுவிடுங்கள்.

மாரீஸ்வரி வேனில் ஏறிப் போய்விடவில்லை. இன்றும் பிரஸ் தளத்தில் என்னிடம்தான் பழகுகிறாள். நன்றாக நிற்கிறாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட என்மேல் வந்து விழுந்ததில்லை. வீட்டில் தைல பாட்டில் திறக்கப்படாமல் இருக்கிறது. இன்பராஜ் இப்போதும் எங்கே பார்த்தாலும் ஓடி வந்து, சாப்பிட்டீகளா என்கிறான். சாப்பிட்டேன் என்கிறேன். ஜெர்சியை மன்னித்துவிட்டேன், வேனையும்கூட. அந்த வட்டத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த சீசனில் புதிதாகக் கொஞ்சம் பொடிசுகள் சேர்ந்திருக்கின்றன. அவர்களுக்கு இரண்டு வகை பிரேக்கும் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தருவேன். இப்போதுதானே வந்திருக்கிறார்கள், ஒன்றும் அவசரமில்லை. அதுவரை கடைசியில் நான் நிற்கிறேன்.