என்டரையும் சேர்த்து விழுங்கிய புரோகிராம்

தொண்ணூறுகளின் கடைசியில், கோவை பீளமேட்டில், மில்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தரும் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிற சம்பவம் அங்கேதான் நடந்தது.

பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியை நானே படித்து, நூல் இருப்பைத் தேடும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன். கீபோர்டில் நூலின் குறியீட்டைத் தட்டினால் திரையில் விவரம் வர வேண்டும். குறியீட்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைத்து நான் சோதித்தபோது அருமையாக வந்தது. ஆபீஸில் டைப் அடிக்கும் பெண் தட்டினால் மட்டும் 'இல்லை' என்றது. நானே உட்கார்ந்து ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம். புரோகிராம் எழுதுகிறவன் டைப் அடிப்பதா என்ற திமிர். "ஒழுங்கா அடிக்கக்கூடத் தெரியலையா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். முதலாளியிடமும் போய், தப்பு அந்தப் பெண்மேல்தான் என்று சொல்லிவிட்டேன்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாகலீன்னா அந்த அம்மணிய நிறுத்திப்போட்டு வேற ஆளப் பார்த்துக்கலாங்க" என்றார் முதலாளி. கிணத்துக்கடவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் அந்தப் பெண். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை நானே தட்டினேன். எனக்கும் 'இல்லை' என்றது. ஆபீஸில் பெர்ல் தெரிந்த ஒரே ஆள் எங்கள் சீனியர். அவரிடம் ஓடினேன். "ஆகட்டுங்க, பார்த்துச் சொல்றேனுங்க" என்று சிரித்தார். மத்தியானமும் அதே பதில். சாயங்காலம் அதே சிரிப்போடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லித் தொலைத்திருந்தால் காலையிலேயே வேறு ஆளைத் தேடியிருப்பேன்! பிரௌசிங் சென்டருக்குப் போய், இன்டர்நெட்டில் பெர்ல் தெரிந்தவர்கள் பேசும் ஒரு குழுவில் கேட்டேன். முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வா என்று ஒரு புண்ணியவான் பதில் போட்டான்.

சனிக்கிழமை காலை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் தயங்கியபடி பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க சார், கோவிச்சுக்காதீங்க. பதில் வர்றப்ப, நான் அடிச்ச குறியீட்டத் திருப்பிக் காட்டுதுங்கல்ல, அது ஒரு வரியில நிக்குது, 'இல்லை'ங்கறது மட்டும் அடுத்த வரிக்குப் போயிருதுங்க. நான் தட்டற என்டரும் கூடவே உள்ள போகுதுங்களா?"

அதேதான். குறியீட்டோடு என்டரும் ஒட்டிக்கொண்டு போனதால், இருப்பில் இருந்த எந்தக் குறியீட்டோடும் அது பொருந்தவில்லை. அந்த என்டரை வெட்டி எறிய பெர்லில் 'சாம்ப்' என்று ஒரே ஒரு சொல் போதும். போட்டேன். விவரம் வந்து நின்றது.

எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டேன். "மொத நாளேங்க. சொல்ல வந்தேன், நீங்க சத்தம் போட்டுட்டீங்க."

பின்னாலிருந்து சீனியர் எட்டிப் பார்த்தார். "அட, சாம்ப் போடலீங்களா? நேத்தே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவரிடம் பேசினால் கை நீண்டுவிடும் என்று நேராக முதலாளியிடம் போய், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

தெரிந்தும் வாயைத் திறக்காத அந்த சீனியர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் தெரிந்த ஒருவரை வாயைத் திறக்கவே விடாத என்னை மன்னிப்பது, அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.