ஃபார்ம் சார்

போர்வையின் மடிப்பு சுவரோடு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். நூலிழை விலகியிருந்தாலும் முதலிலிருந்து மடிக்கிறார். வீடற்றோர் காப்பகத்தின் பொறுப்பாளருக்குக் காலையில் இதுதான் முதல் வேலை. முப்பது கட்டில். முப்பதும் காலி.

காலியாக இருப்பது அவருக்கு ஒரு குறையே இல்லை. ஆள் வந்தால் அழுக்கு வரும், இருமல் வரும், குளியலறை நாறும். "ஒரு கறை காட்டுங்க, பாக்கலாம்" என்று பார்வையிட வருகிறவர்களிடம் சவால் விடுவார். இதுவரை ஒருவரும் ஜெயித்ததில்லை. யாராவது படுத்தால்தானே கறை படும்?

அவர் யாரையும் விரட்டுவதில்லை. அது கெட்ட பெயர். படிவம் கொடுப்பார். நான்கு பக்கம். நிரந்தர முகவரி, அதற்கு அத்தாட்சி, அங்கே இரண்டு வருடமாகக் குடியிருப்பதற்கு அக்கம்பக்கத்தாரின் கையெழுத்து. தெருவில் கிடப்பவர்கள் அவருக்கு 'ஃபார்ம் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அடைமழை. பகல் பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்து நின்றாள். வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவள். கை முடங்கியதும் வேலை போனது, வேலையோடு குடியிருந்த அறையும் போனது. கையில் ஒரு துணிப்பை. காய்ச்சலில் பல் தந்தியடித்தது. அவர் படிவத்தை நீட்டினார்.

"வீடு இருந்தா நான் ஏன் சார் இங்க வரேன்?"

"அது உங்க கஷ்டம்மா. கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

அந்நேரம் தொலைபேசி அடித்தது. மேலதிகாரி புகைப்படக்காரரோடு வந்துகொண்டிருக்கிறாராம். கூட்டித் துடைக்கும் அம்மாள் தரையைப் பார்த்தபடியே, "வெறுங்கட்டிலையா சார் படம் புடிப்பாங்க?" என்றாள்.

மறு நிமிடம் வந்தவள் 'அக்கா' ஆகிவிட்டாள். உலர்ந்த துண்டு வந்தது. வெந்நீர் வந்தது. மூலைக் கட்டிலில் அவரே கைத்தாங்கலாக உட்காரவைத்துப் போர்வை போர்த்திவிட்டார். ஈரத்தலை தலையணையில் சாய்ந்ததும் அவசரமாக அடியில் இன்னொரு துண்டைச் செருகினார்.

அதிகாரி வந்தார். இங்கே எப்படி இருக்கிறது என்று அவளை விசாரித்தார்.

"கதகதப்பா இருக்குங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீரைப் புகைப்படக்காரர் மூன்று பக்கமும் நின்று எடுத்துக்கொண்டார். வீடில்லாதவர்களைத் தாங்குவது நம் எல்லோருடைய கடமை என்று அதிகாரி நாலு வார்த்தை பேசி, பொறுப்பாளரின் தோளில் தட்டிக்கொடுத்தார். அதிகாரி பேசி முடிப்பதற்குள் அவள் அசந்து தூங்கிவிட்டாள்.

பொறுப்பாளர் வாசல்வரை போய்க் கையசைத்து வழியனுப்பினார். கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை. பிறகு உள்ளே வந்து, "இந்தாம்மா, எந்திரிங்க" என்றார். அவள் எழுந்து தடுமாறி நிற்பதற்குள் துணிப்பையை இரண்டு விரலால் தூக்கிப் போய் நனைந்துகொண்டிருந்த வெளிப்படியில் வைத்துவிட்டு, அவளுக்காகக் கதவை மரியாதையாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.