எட்டுச் சொட்டும் ஒரு துண்டு வெல்லமும்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 31, வியாழக்கிழமை, காலை ஆறேகால் மணி, மெல்லிய தூறல். மண்ணரை என்னும் ஊரில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் பின்வாசலில், கண்ணாடித் தம்ளரில் இருந்த அப்பாவின் சிறுநீரில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுக் கலக்கினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, நான்கு மாதம்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். அடுத்த தெருவில் இருந்த நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஆறரை மணிக்கு வந்து, அப்பா தனக்குத்தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். அன்று பத்தொன்பதாவது நாள்.

முதல் மூன்று நாள் கத்திரிக்காய்க்குத் தண்ணீர் ஊசி. பிறகு தொடை. ஊசிக்கு முன்னால் சோதனை: குழாயில் நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் ஒரு கொதி. நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் சிவப்புக்குப் போனால் சர்க்கரை ஏறியிருக்கிறது. அதற்கேற்ப மருந்தைக் கூட்ட வேண்டும்.

அப்பா சாயப்பட்டறையில் கலர் மேஸ்திரி. நிறத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

“இது மஞ்சள் இல்லீங்க நர்ஸம்மா. எலுமிச்சையில துளி பச்சை உழுந்திருக்குது.”

“ஏனுங்க மேஸ்திரி, பனியனுக்கா சாயம் போடறோம்? பச்சையா மஞ்சளா, ஒண்ணு சொல்லுங்க.”

“ரெண்டுக்கும் நடுவுலீங்க.”

“அப்ப மருந்தையும் தொடைக்கும் சுவத்துக்கும் நடுவுல குத்திக்குங்க.”

அப்பா சிரிப்பார். அம்மா போனபின் அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது அந்த அரை மணி நேரத்தில்தான். ஆனால் ஊசியில் தினமும் ஒரு தப்புச் செய்வார். காற்றுக் குமிழியை விட்டுவிடுவார். இல்லையென்றால் ஊசிக்குழலின் அளவுக் கோடு தப்பும். நர்ஸம்மா பொறுமையாக மறுபடி காட்டுவார். போகுமுன் எனக்குத் தலை வாரிவிடுவார். அதுவரை பதினெட்டு நாளில் பதினாறு நாள் வாரிவிட்டிருந்தார்.

அவர் ஒரு விதி வைத்திருந்தார். தொடர்ந்து மூன்று நாள் நீலம் வந்தால் பாடம் முடிந்தது. அப்புறம் வர மாட்டார். செவ்வாய்க்கிழமை நீலம். புதன்கிழமை நான் இரண்டு கரண்டிச் சர்க்கரை கலந்து பார்த்தேன், அப்போதும் நீலம். கடைச் சர்க்கரைக்கு அந்தக் கரைசல் அசையாது என்று பல வருடம் கழித்து வேதியியல் வகுப்பில்தான் படித்தேன். மிஞ்சியது வெல்லம். நடுக்கம் வந்தால் உடனே தின்னச் சொல்லி அப்பாவின் சட்டைப்பையில் நர்ஸம்மா போட்டுவைத்திருந்த துண்டில் பாதியை உடைத்துக்கொண்டேன்.

குழாய் சிவந்தது.

“ராத்திரி என்னங்க தின்னீங்க?”

“களிதானுங்க.”

“களி தின்னா இந்தக் கலர் வருமா? பொய் சொன்னா எனக்கொண்ணும் ஆகாதுங்க. உங்க காலுக்கும் கண்ணுக்கும்தான் கேடு.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருபது கோட்டுக்குப் பதிலாக இருபத்தெட்டுக் கோடு மருந்து ஏற்றினார். “நாளைக்கும் வர்றனுங்க” என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா கிளம்பினார். எனக்கு அது போதும்.

ஒன்பது மணிக்கு, செருப்பை மாட்டக் குனிந்த அப்பா நிமிரவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. நடுங்கும் கையால் சட்டைப்பையைத் துழாவினார். இருந்த பாதித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பேச்சு குழறியது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அறுநூற்று நாற்பது அடி வரை எண்ணினேன். அதன்பின் எண்ணவில்லை.

நர்ஸம்மா வந்து சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பத்து நிமிடத்தில் அப்பாவின் முகம் தெளிந்தது.

“முழுத் துண்டு வெச்சனே, மீதி எங்கீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “நான்தானுங்க. ராத்திரி தின்னுபோட்டனுங்க.”

நர்ஸம்மா பின்வாசலுக்குப் போய், தம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த கசடைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“கண்ணு, இதுல போட்டயா?”

தலையாட்டினேன்.

“ஏன் சாமி?”

“நீங்க வரோணும்னு.”

நர்ஸம்மா அப்பா பக்கம் திரும்பினார். “புள்ளைக்கு ஒம்பது வயசு. உங்களுக்கென்னங்க? குந்துமணி எடைச் சாயத்தைக் கையிலயே நிறுக்கறவருக்குப் பத்தொம்பது நாளாவா கோடு தப்பும்?”

அப்பா மடியில் சிந்தியிருந்த சர்க்கரைத் தண்ணீரைத் துண்டால் துடைத்தார்.

“நான் வராமப் போனாலும் நீங்க நல்லா இருக்கோணுமுங்க. அதுக்குத்தான் நான் வந்ததே.”

அடுத்த நாள் அவர் வரவில்லை. அப்பா ஒரு கோடு தப்பாமல் தானே போட்டுக்கொண்டார். பயத்தில் கை திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. எனக்கும் சர்க்கரை. வீட்டில் நான் ஒருவன். போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண் பேனா ஊசியைக் காட்டி, பன்னிரண்டு நிமிடத்தில் கற்றுக்கொடுத்தாள். முதல் தடவையே சரியாகப் போட்டேன். “சூப்பருங்க ஐயா, இனி இதுக்குன்னு வரவேண்டாமுங்க” என்றாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான், ஒரு கோடாவது தப்பாகத் திருகியிருக்கலாமே என்று தோன்றியது.

நர்ஸம்மா அந்த வருடம் நவம்பரில் சோமனூருக்கு மாற்றலாகிப் போனார். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முப்பது நாளின் நிறத்தையும் எழுதிய நோட்டுடன் என்னையும் கூட்டிக்கொண்டு சோமனூருக்குப் பஸ் ஏறினார். நர்ஸம்மா வாசலில் நின்றபடியே கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

“எல்லாம் சரிங்க மேஸ்திரி. ஒரு தப்புமில்லீங்க.”

“ஒண்ணுகூடவா இல்லீங்க?” என்றார் அப்பா.

“இல்லீங்க.”

எங்கள் இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சரியாகச் செய்கிறோம் என்று தெரிந்ததையே கேட்டு வர இவ்வளவு தூரமா என்று எனக்கு ஒரே எரிச்சல். ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட், போக வர ஒரு ரூபாய் எண்பது பைசா.