மாப்பிள்ளை அறைக்கு ஒரு மாதிரி மட்டை

மகளின் நிக்காஹ்வுக்கு முன், மாப்பிள்ளை வந்து தங்கும் அறைக்கு வர்ணம் பூச வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற நிர்வாக அலுவலரான நான் எதையும் முறைப்படி செய்பவன். கடும்பச்சை வர்ண மாதிரியையும் திரைத்துணியையும் ஒரு காகித மட்டையில் ஒட்டி, விறாந்தையில் வைத்து, வீட்டார் எல்லோரிடமும் அங்கீகாரம் பெற்றேன்.

பெயின்டர் வாளியைத் திறக்கப்போகும் நேரத்தில், மகள் மட்டையை அந்த அறைக்குள் கொண்டுபோனாள். எங்கள் ஊரான தில்லையடியில் வீடுகள் நெருக்கம். அதனால் அறைத்திரை எப்போதும் மூடியே இருக்கும். பச்சை கறுப்பாகத் தெரிந்தது.

"வாப்பா, இது மாப்பிள்ளை அறையா, கபுறுக் குழியா?"

"எல்லாரும் ஓம் எண்டு சொன்னீங்களே!"

"அது விறாந்தை வெளிச்சத்துல பாத்துச் சொன்னது!"

திறக்காத வாளியைக் கடைக்காரர் இளமஞ்சளுக்கு மாற்றித் தந்தார். இப்போதெல்லாம் எந்த மாதிரியையும் உரிய அறையில், திரையை மூடிப் பார்த்த பிறகே தெரிவு செய்கிறேன். மருமகன் அங்கே சுகமாகத் தூங்குகிறார். அவரை எழுப்பும் நடைமுறைதான் இன்னும் பிடிபடவில்லை.